நிறுத்தச் சொன்ன மாத்திரை

ஜூன் 9

அக்காவுக்கு,

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதை என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, அத்தை உங்கள பிளாக் பண்ணிட்டாங்க"ன்னு சிரிக்கிறாள். பத்து வயதுப் பெண் எதிரில் என் மானம் கப்பலேறிவிட்டது. நீ தடுக்காவிட்டாலும் என்னால் பேசியிருக்க முடியாது. நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். அதனால்தான் கடிதம். என் வீட்டுக்காரி இதைப் பார்சல் வண்டியில் கொடுத்துவிடுவாள், இரண்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும்.

நேற்று முன்தினம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஐந்தாவது மாடி, தனி அறை. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். யாரும் உள்ளே வரக்கூடாது. நர்ஸ் கூட விண்வெளிக்குப் போகிறவள் மாதிரி மூடிக்கொண்டு வருகிறாள். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் ஒரு வைரஸ் என்றார்கள். குழந்தைகளுக்கு மூக்கு ஒழுக வைக்கும் சாதாரண வைரஸாம். மற்றவர்களுக்கு நாலு நாள் ஜலதோஷம். எனக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. நீ கொடுத்த கிட்னியை என் உடம்பு விரட்டாமல் இருக்க, ஆறு வருடமாக மாத்திரை போட்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறோம் இல்லையா? அடங்கிக் கிடக்கிற வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் போலிருக்கிறது.

இப்போது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறு வருடமாகக் காலை எட்டு, மாலை எட்டு, ஒரு வேளை தவறினாலும் கிட்னி போய்விடும் என்று இந்த டாக்டர்தான் என்னை மிரட்டி வைத்திருந்தார். கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும்போது கூட எட்டு மணிக்கு ஓரம் கட்டச் சொல்லி மாத்திரை போட்டவன் நான். அதே டாக்டர் நேற்று வந்து, "பெரிய மாத்திரைய நிறுத்திடலாம். காப்ஸ்யூல பாதியாக்கிடலாம். சின்ன மாத்திரை மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்கிறார். என்ன சார் இது என்றால், "இந்த வைரஸுக்குன்னு பெரிசா மருந்து கிடையாது. உங்க உடம்பே அத விரட்டணும். அதுக்குக் கொஞ்சம் பலம் விட்டுக் கொடுக்கிறோம்" என்கிறார். அப்போ கிட்னி? "பாத்துக்கலாம்" என்றார். டாக்டர்கள் "பாத்துக்கலாம்" என்றால் பார்க்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் வீடு மாற்றின அன்று நடந்ததற்கு வீட்டுக்காரி சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன். நீ மூக்கைச் சிந்திக்கொண்டே படி ஏறினாய். "அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க, ரெண்டு நாள் லாட்ஜ்ல தங்கிக்கிறீங்களா"ன்னு அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அதற்கு நீ, சாமான் தூக்குகிறவர்கள் எல்லாம் கேட்கும்படி, "என் கிட்னி உள்ள இருக்கலாம், நான் மட்டும் வெளிய நிக்கணுமா?" என்று கத்திவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தாய்.

காய்ச்சல் வந்த அன்று போனில் "எல்லாம் நீ கொண்டு வந்த சளிதான்" என்று நான் சொன்னது தப்பு. அதற்காகத் தடுத்தா வைப்பாய்?

தம்பி

ஜூன் 12

தம்பி,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து முன்பே கோணல், இப்போது படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய் போல. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைப் படிக்கவே இரண்டு முறை கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. இங்கே ஹோட்டல் சலவைக் கூடத்தில் நீராவி அடிப்பதால் யாரும் கவனிக்கவில்லை.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். உன் வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள், சரி. ஆனால் அவள் வாசலில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன். உன்னோடு ஆபரேஷன் மேஜையில் படுத்தவள் நான். ஏழு மணி நேரம் ரயிலில் வந்தவளை யாராவது அப்படி நிற்க வைப்பார்களா?

என் சளிதான் உன்னை இப்படிப் படுக்க வைத்ததா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. மாஸ்க் போட்டிருந்தேன். மூச்சு முட்டியபோது கீழே இறக்கினேன். எத்தனை முறை இறக்கினேன் என்று எண்ணிப் பார்க்கிறேன், எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது. நேற்று ஹோட்டலின் நாலாம் மாடிக்குப் போக வேண்டிய விரிப்புகளை ஒன்பதாம் மாடிக்கு அனுப்பிவிட்டேன். இருபது வருடத்தில் நடக்காதது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினார்கள்? கிட்னியை எடுப்பதற்கு முன் என்னை உட்கார வைத்து, "இந்த மாத்திரைகள்தான் அதுக்கு வேலி" என்று இதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேலியைப் பிடுங்கிவிட்டு எந்தப் பயிரைக் காப்பாற்றப் போகிறார்கள்? ஒருத்தர் நிறுத்து என்பார், நாளைக்கு இன்னொருத்தர் ஏன் நிறுத்தினாய் என்பார். நடுவில் போவது யாருடையது? நீ அந்த மாத்திரையை விடாதே. எனக்கு வேறு எதுவும் தெரியாது. நான் அறுத்துக் கொடுத்தது குப்பைக்குப் போகக்கூடாது.

அக்கா

ஜூன் 16

அக்காவுக்கு,

ஆக்ஸிஜன் குழாய் மூக்கில் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தில் சண்டை கிடையாது. அந்த அளவுக்குக் காற்று கைவசம் இல்லை.

இங்கே பெரிய குழப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் ரத்தம் எடுத்து, காப்ஸ்யூல் மருந்து உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பாதியாகக் குறைத்த மருந்து ரத்தத்திலும் குறைய வேண்டும் அல்லவா? முதல் சில நாள் குறைந்தது, இரண்டு நாளாக மறுபடி ஏறி நிற்கிறது. முதலில் பரிசோதனைக் கூடத்தின் மேல் சந்தேகப்பட்டு இரண்டாவது முறை எடுத்தார்கள். அப்புறம் நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்தான் மருந்தை ரத்தத்தில் தேக்கி வைக்கிறது என்று அதை மாற்றினார்கள். அப்புறமும் குறையவில்லை. "பழச்சாறு ஏதாவது குடிச்சீங்களா? நாட்டு மருந்து?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மைதான்.

கிட்னி டாக்டரும் நுரையீரல் டாக்டரும் என் கதவுக்கு வெளியே நின்று பேசுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். வாயை மாஸ்க் மறைத்திருக்கிறது, கைகள் மட்டும் தெரிகின்றன. ஒருவர் கையை மேலே தூக்குகிறார், இன்னொருவர் கீழே இறக்குகிறார். என் காய்ச்சலைச் சொல்கிறார்களா, மருந்தைச் சொல்கிறார்களா, என்னைச் சொல்கிறார்களா, எதுவும் விளங்கவில்லை. என்னிடம் கார் பழக வருகிறவர்கள் முதல் நாள் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பார்கள். கார் உறுமும், நகராது. இப்போது நான்தான் அந்தக் கார்.

நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டுகள் கூடியிருக்கிறதாம். நடந்து பாத்ரூம் போவதற்குள் படியேறின மாதிரி இருக்கிறது. இவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தாளில் "சாப்பிட்டீங்களா" என்று எழுதிக் காட்டுகிறாள். நான் தலையாட்டுகிறேன். சாப்பிடவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ நிம்மதியாக இரு. உன் பொருள் பத்திரமாக இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. எப்படி என்று கேட்காதே.

தம்பி

ஜூன் 18

தம்பி,

கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, நேற்றுக் காலை, நம் இரண்டு பேர் ஃபைலையும் வைத்திருக்கிற அந்த நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். சண்டை போடத்தான் செய்தேன். அந்த அம்மா என்னைக் கத்த விட்டு, நான் ஓய்ந்ததும் சொன்னாள்: "உங்க வீட்டு நாய் விருந்தாளிய கடிச்சிடும்னு ஆறு வருஷமா அத தூங்க வச்சிருக்கோம். இப்ப திருடன் உள்ள வந்துட்டான். நாய எழுப்பாம என்னம்மா பண்றது?" நான் விடவில்லை. "எழுப்பின நாய் திருடனத்தான் கடிக்கும்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டேன். "நிச்சயம் இல்ல. அதனாலதான் தினமும் ரத்தம் எடுத்துப் பாக்கிறோம். ஆனா திருடன் ஜெயிச்சா அந்த வீடே இருக்காது" என்றாள். போனை வைத்த பிறகும் எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

போனை வைப்பதற்கு முன் அவள் ஒன்று சொன்னாள். "உங்க தம்பி ரத்தத்துல குறைஞ்ச மருந்து மறுபடி ஏறிடுச்சு, எங்களுக்கே புரியல" என்றாள். இன்று உன் கடிதத்தில் "பத்திரமாக இருக்கிறது, எப்படி என்று கேட்காதே." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம். உன்னை எனக்குத் தெரியும். அம்மா குடிக்கச் சொன்ன கஷாயத்தைச் சன்னல் வழியாக ஊற்றிவிட்டுக் குடித்தேன் என்று சாதித்தவன் நீ. இப்போது வேண்டாம் என்றதை விழுங்கிவிட்டு விழுங்கவில்லை என்று சாதிக்கிறாய். மாத்திரை அடுக்கும் வாரப் பெட்டியைப் பையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறாய், இல்லையா? நர்ஸ் கொடுப்பது பாதி, நீயாகப் போட்டுக்கொள்வது மீதி. பெரிய மாத்திரையும்தான்.

உன்னை அப்படிச் செய்ய வைத்தது என் கடிதம். கோபத்தில் எழுதினேன். இல்லை, கோபத்தில் மட்டும் இல்லை. அன்றைக்கு எனக்கு அந்தக் கிட்னியைப் பற்றித்தான் பயமாக இருந்தது. நீ படுத்திருப்பதை விட. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

நீ ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்க நாள் இல்லை. இந்தக் கடிதத்தைப் பார்சல் வண்டியில் கொடுத்துவிட்டு நேரே அந்த நர்ஸம்மாவுக்குப் போன் செய்து உன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது பெட்டி உன் கையில் இருக்காது. என்னைத் திட்டிக்கொள்.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

திட்டுகிறேன். துரோகி.

உன் போன் வந்த அரை மணியில் மூன்று பேர் வந்தார்கள். பையைத் திறந்தார்கள். உள்பனியனுக்கு நடுவில் பெட்டி. நாற்பத்தெட்டு வயதில், பரீட்சையில் துண்டுச் சீட்டோடு பிடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கிட்னி டாக்டர் கத்தியிருந்தால் தேவலை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்களால எங்களுக்கு அஞ்சு நாள் போச்சு. உங்களுக்கும்" என்றார். அவ்வளவுதான். ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக் கொடுத்த இளம் பெண் டாக்டரிடம் அவர் போய் ஏதோ சொன்னதைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்காக அந்தப் பெண் பேச்சு வாங்கியிருப்பாளோ என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது மூக்குக் குழாய் போய் முகத்தை மூடும் மாஸ்க். ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வரி. நேற்று ஆரம்பித்த கடிதம் இது. மூச்சுத் திணறல் இன்னும் குறையவில்லை என்றால் கீழே தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போவார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

ஏன் செய்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன். ஆறு வருடமாக நான் என் உடம்பில் வாடகைக்கு இருப்பவன் மாதிரி இருக்கிறேன். உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் உன் முகம் வரும். தண்ணீர் குடிக்க மறந்தால் உன் முகம் வரும். நீ போனில் "எப்படி இருக்கு?" என்று கேட்பாய். "எப்படி இருக்கே?" என்று கேட்க மாட்டாய். கவனித்திருக்கிறாயா? "குப்பைக்குப் போகக்கூடாது" என்று நீ எழுதியதும் எனக்கு யோசனையே வரவில்லை. கை தானாகப் பெட்டிக்குப் போனது.

இன்னொன்று. இதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கடிதம் எழுதுவேனா தெரியாது. இது உன் சளி இல்லை. நீ வந்து போய்ப் பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குக் காய்ச்சல். இந்த வைரஸுக்கு இரண்டிலிருந்து எட்டு நாள்தான் கணக்கு என்று சேர்த்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார். என்னிடம் கார் பழகிய ஒரு வங்கி அம்மாள், மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து இருமினாள். அவள் பேரனுக்கு இருந்ததாம், பிறகு போன் செய்து வருத்தப்பட்டாள். எனக்கு இது எல்லாம் முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். உன் மேல் கோபம், அதனால் எழுதவில்லை. நீ மாஸ்க் இறக்கியதை எண்ணிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கவில்லை.

தம்பி

ஜூன் 24

தம்பி,

நானும் துரோகி, நீயும் துரோகி. நமக்குள் யாரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் கிள்ளியிருப்பாள்.

தெரிந்துகொண்டே பன்னிரண்டு நாள் என்னைத் தவிக்க விட்டிருக்கிறாய். படித்ததும் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் பொறுக்கி, நீவி, மறுபடியும் படித்தேன். "பயமாக இருக்கிறது அக்கா" என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆபரேஷன் அன்று கூட ஜோக் அடித்தாய்.

"எப்படி இருக்கு" என்று கேட்பேனாம். பக்கத்தில் துணி மடிக்கிறவளிடம், "நான் தம்பிகிட்ட போன்ல என்ன கேப்பேன்?" என்று கேட்டேன். அவள் யோசிக்காமல், "கிட்னி எப்படி இருக்குன்னுதான்" என்றாள். எனக்குத் தெரியவே இல்லை. அன்பாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அது அன்பா வேறா என்று குழப்பமாகத்தான் இருக்கிறது. கொடுத்த பிறகு ஊரில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நீ என்னிடம் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அது போனால் போகட்டும். உனக்காகத்தான் அதைக் கொடுத்தேன், அதற்காக உன்னைக் கொடுக்க மாட்டேன். டாக்டர் எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்து. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்து. பயந்து பயந்து மூச்சு விடாதே, நிதானமாக விடு.

உன் வீட்டுக்காரிக்கு நேற்றுப் போன் செய்தேன். நீ கீழே போகவில்லை, மாஸ்க்கில் காற்றைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள் என்றாள். இரண்டு பேரும் அழுதோம். அவள் கையைப் பற்றி நான் பேசவில்லை. உன் நம்பரையும் திறந்துவிட்டேன், ஆனால் நீ கூப்பிடாதே, மூச்சை வீணாக்காதே.

அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

இரண்டு நாளாகக் குழாய் இல்லாமல் இருக்கிறேன். நேற்றுக் கதவைத் திறந்துவிட்டு என்னை நடைபாதையில் நடக்க வைத்தார்கள். இருபது அடி. பெரிய சாதனை. மகள் நடைபாதைக் கோடியில் தள்ளி நின்று கை தட்டினாள். எக்ஸ்ரேயில் வெள்ளை கரைகிறதாம். நாய் ஒருவழியாக எழுந்துவிட்டது.

எழுந்த நாய் விருந்தாளியையும் முகர்ந்து பார்த்திருக்கிறது. ஆறு வருடமாக ஒன்று புள்ளி மூன்றில் இருந்த கிரியாட்டினின் எண் இப்போது இரண்டு புள்ளி ஆறு. கூடினால் கிட்னி சோர்கிறது என்று அர்த்தம், உனக்கே தெரியும். காய்ச்சலில் உடம்பு வற்றியதாலும் இருக்கலாம், கடிக்க ஆரம்பித்திருப்பதாலும் இருக்கலாம் என்கிறார்கள். கிட்னியில் ஊசி விட்டுச் சதைத் துளி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்கும் என் இருமல் நிற்க வேண்டும்.

முந்தாநாள் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து உள்ளேயே வந்தார்கள். கிட்னி டாக்டர், நிறுத்திய மாத்திரையை இன்றே திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார். நுரையீரல் டாக்டர், இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் நெஞ்சு முழுக்கச் சுத்தமாகும், இப்போதே ஆரம்பித்தால் வைரஸ் திரும்பத் தலை தூக்கலாம் என்றார். ஒரு வாரம் பொறுத்தால் கிட்னிக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாமலும் போகலாம். திரும்ப வராத அளவுக்குக் கெட்டும் போகலாம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, அதான் உங்ககிட்டயே கேக்கிறோம்" என்றார் கிட்னி டாக்டர். வீட்டில் பேசிவிட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

பழைய பழக்கத்தில் உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். உன் பெயரைத் தொடப்போகும்போது நிறுத்தினேன். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், எழுதியே கொடுத்திருக்கிறாய். ஆனாலும் நீ சொல்லி நான் செய்தால், கிட்னி போய்விட்டால் நீ சொன்னதால் போனது என்று ஆகிவிடும். நான் அந்த மாத்திரையைப் போட்டாலும் உன் வார்த்தைக்காக, போடாவிட்டாலும் உன் வார்த்தைக்காக என்று எத்தனை நாள் ஓட்டுவது?

அதனால் இவளிடம் மட்டும் பேசினேன். ஒரு வாரம் பொறுக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மூச்சு வேண்டும். சரியா தப்பா தெரியவில்லை. டாக்டர்களுக்கே தெரியவில்லை. உன்னைக் கேட்கவில்லை.

தம்பி

ஜூலை 6

தம்பி,

கடிதம் வந்தபோது விரிப்பு அழுத்தும் ரோலர் பக்கத்தில் நின்றிருந்தேன். "உன்னைக் கேட்கவில்லை" என்பதைப் படித்ததும் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவான் என்று வாய்விட்டே சொன்னேன். ரோலரை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கேயே அழுகை வந்துவிட்டது. வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். "யாருக்கு என்ன ஆச்சுக்கா?" என்றார்கள். "ஒண்ணும் ஆகல. என் தம்பி என்னைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டான்" என்றேன். "அதுக்கா அழறீங்க?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

நீ செய்தது சரியா என்று எனக்கும் தெரியாது. ஒரு வாரம் முடியும்வரை எனக்குத் தூக்கம் வராது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இனிமேல் அந்த எண்ணை எனக்கு எழுதாதே. மாத்திரையைப் பற்றி நீயும் உன் டாக்டரும் உன் வீட்டுக்காரியும் பேசிக்கொள்ளுங்கள். என் மருமகள் பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாள் என்று எழுது. புது வீட்டில் எந்தக் கதவு சாத்த வரவில்லை என்று எழுது. உன்னிடம் கார் பழக வந்து சுவரில் மோதினவர்களைப் பற்றி எழுது. நான் சிரித்து நாளாகிறது.

அது போய்விட்டால் மட்டும் சொல். லீவு போட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். போகவில்லை என்றால் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது உன்னுடையது.

எப்படி இருக்கே?

அக்கா